சுவரில் ஒட்டிய தாள்

கணினியின் உள்ளியக்கத்தை அறிவது தமிழாசிரியர்க்கு வேண்டாத வேலை என்பர் சிலர். பாடம் சொல்லுவதே நம் கடன், பொறியை மற்றவர் பார்த்துக்கொள்வர் என்பது அவர்தம் வாதம். பணிவின் உடையணிந்து வரும் சோம்பல் என்றே இவ்வாதத்தை நான் சொல்வேன்.

எம் பள்ளியில் நிகழ்ந்தது இது. பாடக்கோப்புகளை மாணவர்க்கு வழங்க, லினக்ஸ் இயங்குதளக் கணினியொன்றில் ஒரு சேவையை அமைத்து, எவரோ எழுதித்தந்த கட்டளையைத் தட்டச்சிட்டு இயக்கினோம். ஒரு திங்கள் குறையின்றி நடந்தது. ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டது. மறுநாட்காலை கணினி விழித்தது, சேவை விழிக்கவில்லை. முப்பது பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர். 'நாள்தோறும் காலையில் இக்கட்டளையை இடுக' என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். குறை தீர்ந்ததாகவும் எண்ணிக்கொண்டோம்!

இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் சேவைகளை எழுப்புவது சிஸ்டம்டி எனும் நிரல். 2010ஆம் ஆண்டில் அறிமுகமாகி, 2011இல் ஃபெடோராவிலும் 2015இல் டெபியனிலும் அது இடம்பெற்றது. 'ஸ்டார்ட்' எனும் கட்டளை, சேவையை இக்கணம் இயக்கும், அவ்வளவே. 'எனேபிள்' எனும் கட்டளையே, கணினி மீண்டும் எழும்போது சேவையும் தானே எழ வழிசெய்யும். முன்னது இன்றைய செயல். பின்னது நாளைய ஏற்பாடு. இவ்வேறுபாட்டை அறியாதது எம் குறையேயன்றிப் பொறியின் குறையன்று.

இன்னொன்றும் உண்டு. ஒரு சேவைக்கு மற்றொன்று தேவை எனக் குறிப்பது 'ரிக்வயர்ஸ்'. அதற்குப் பின்னரே எழுக எனக் குறிப்பது 'ஆஃப்டர்'. தேவையை மட்டும் எழுதி வரிசையை எழுதாவிடின், இரண்டும் ஒருங்கே எழ முனையும். பழைய முறையிலோ, கோப்பின் பெயரிலிருந்த எண்ணே வரிசையைத் தந்தது. காரணம் எண்ணுக்குள் மறைந்துகிடந்தது. தேவை வேறு, வரிசை வேறு எனப் பகுத்துணர்த்துவது பொறியாளர் வேலை மட்டுமா? புணர்ச்சி விதிகளைக் காரணங்காட்டிக் கற்பிக்கும் நமக்கு இது எங்ஙனம் அயலாகும்?

சிஸ்டம்டியை ஏற்க மறுத்து, 2014இல் டெபியனிலிருந்து பிரிந்து டெவுவன் கண்டாரும் உளர். அவர்கள் அறிந்து மறுத்தனர். நாமோ அறியாமலே ஒதுங்குகிறோம். முன்னதில் கொள்கை உண்டு. பின்னதில் என்ன உண்டு?

நேரமில்லை என்பீர்களாயின், ஐம்பதைக் கடந்த எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகளே போதுமாயின. அத்தாளை நானே கிழித்தெறிந்தேன். ஆசிரியப் பெருமக்களே, கட்டளையை மனப்பாடஞ்செய்வித்தல் கல்வியன்று. நம் மாணவர் மனத்திலும் அத்தகைய தாள்களை ஒட்டாதிருப்போமாக!