அரைத்தாள் கனம்

பினாங்கின் ஜுரு டோல் சாவடியைக் கடந்து வரும் கார்களின் மீது மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அவற்றின் போனட்டைப் பாருங்கள். கறுப்பு, கருநீலக் கார்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே அகலத்தில், ஒரே வளைவில் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடும். கார் நகர நகர, ஒளியோடு சேர்ந்து அவையும் அசையும். மழையோ தூசியோ இவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது. மெருகேற்றும் இயந்திரத்தைச் சரியாகக் கையாளத் தெரியாத கை விட்டுப்போன தடம் அது. தொழிலில் இருப்பவர்கள் அதை ‘ஹோலோகிராம்’ என்கிறார்கள்.

ஆட்டோ சிட்டி வாகன வணிக வளாகம் வந்த பிறகு ஜுரு என்றாலே பலருக்குக் கார்தான் நினைவுக்கு வருகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிக் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் என்று சுற்றிலும் பட்டறைகள், கார் கழுவும் கடைகள், போலிஷ் கடைகள். அந்தக் கடைகளில் நம் பிள்ளைகளை நிறையவே பார்க்கிறேன். கழுவும் வேலையில் சேர்கிறார்கள், சில மாதங்களில் போலிஷ் மெஷினைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த மெஷினை வாங்குகிறார்கள், யார் சொல்லிக்கொடுத்து வாங்குகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. போலிஷ் மெஷின்களில் ரோட்டரி, டூயல் ஆக்‌ஷன் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையனிடம் எடுத்த எடுப்பிலேயே ரோட்டரியைக் கொடுக்கக் கூடாது. டூயல் ஆக்‌ஷனையும், சாயத்தின் கனத்தை அளக்கும் மீட்டரையும்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

காரணம் சாயத்தின் கனத்தில் இருக்கிறது. இன்றைய காரின் தகட்டின் மேல் பொதுவாக நான்கு பூச்சுகள் உண்டு. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நாம் பார்க்கும் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். சில கார்களில் அதற்கும் குறைவு. 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அலுவலகத்தில் அச்செடுக்கும் சாதாரணத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் கனம். கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தாளில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தைத் தின்றுவிடாமல் காப்பது இந்த அரைத்தாள்தான். கூரையிலும் போனட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரிந்த பழைய கார்கள் நம் சாலைகளில் எத்தனை! அவற்றில் கிளியர் கோட் செத்துவிட்டது. எந்தப் போலிஷும் அதை மீட்காது. மறுபடி சாயம் அடிப்பது ஒன்றே வழி.

போலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். மெழுகு பூசுவது வேறு, காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை வைத்து மெஷினால் மெருகேற்றுவது வேறு. இரண்டாவதில் கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துத் தாழ்த்துகிறார்கள். பரப்பு சமமானதும் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது, கண்ணுக்குப் பளபளப்பு தெரிகிறது. அதற்காக ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போகிறது. போனது திரும்ப வராது.

இனி மெஷினுக்கு வருவோம். கோயிலில் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொள்வதை ஆத்மப் பிரதட்சணம் என்போம். உருண்டபடியே பிராகாரத்தை வலம் வருவது அங்கப் பிரதட்சணம். ரோட்டரி முதல் வகை. ஒரே அச்சில் நின்று சுழலும். டூயல் ஆக்‌ஷன் இரண்டாம் வகை. அதன் முனையில் மாட்டிய பேட் தானும் சுழன்று, சிறு வட்டமாக வலமும் வரும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே பிறக்கின்றன.

பட்டறைகளில் மக்கிதா ரோட்டரியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 9237சி போன்ற மாடல்கள் நிமிடத்துக்கு 600 சுற்றிலிருந்து ஏறத்தாழ 3,000 சுற்று வரை ஓடும். 18 சென்டிமீட்டர் பேட் 3,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் சாயத்தைத் தேய்க்கிறது. நடுப்புள்ளியில் வேகம் ஏதும் இல்லை. 1,200 சுற்றுக்கு இறக்கினால் விளிம்பின் வேகம் 40 கிலோமீட்டருக்கு வந்துவிடும். பேட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் போதும், முழுப் பாரமும் அந்த வேகமான விளிம்பில் இறங்கும். ஹோலோகிராம் பிறப்பது இப்படித்தான். கம்பளி பேட்டும் முரட்டுக் காம்பவுண்டும் சேர்ந்தால் இன்னும் ஆழமாகப் பதியும். இதைவிடக் கெட்டது சூடு. ஒரே இடத்தில் ரோட்டரியைச் சில விநாடி நிறுத்திவிட்டால் உராய்வின் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. கிளியர் கோட் இளகி, இழுபட்டு, கருகிவிடும்.

கதவின் ஓரம், போனட்டின் மடிப்புக்கோடு, ஃபெண்டரின் விளிம்பு ஆகியவைதான் மிகவும் ஆபத்தான இடங்கள். கூர்மையான விளிம்பில் ஈரச்சாயம் நிற்காமல் இரு பக்கமும் விலகிக் காய்வதால் அங்கே பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். மெஷினின் பாரமும் அந்தக் குறுகிய கோட்டிலேயே குவியும். மெலிந்த இடத்தில் அதிகப் பாரம் இறங்கினால் என்ன ஆகும்? கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் போய் பிரைமர் வெளியே தெரியும். பம்பர் இன்னொரு கண்ணி. இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் கன மீட்டர் காந்தத்தாலும் சுழல் மின்னோட்டத்தாலும் இயங்குவதால் உலோகத்தின் மீதுதான் வேலை செய்யும். பம்பரில் அது குருடு. அனுபவமுள்ள அண்ணன்மார் சின்னப் பையன்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: “தம்பி, மெஷின அப்புறம் தூக்கலாம். மொதல்ல ஓரமெல்லாம் டேப் ஒட்டிட்டு வா.” நூறு வகுப்புக்குச் சமமான பேச்சு அது.

டூயல் ஆக்‌ஷனில் பேட் கட்டற்று ஆடுகிறது. ஒரே கோட்டில் திரும்பத் திரும்பத் தேய்க்காமல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வெப்பம் பரவிப்போகிறது, கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று கலைந்துபோகின்றன. அதிகமாக அழுத்தினாலோ வளைவில் வசமில்லாமல் வைத்தாலோ பேட் சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். அந்த நேரத்தில் வேலை நடக்காது, ஆனால் காரும் கெடாது. புதியவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடைக்காது. பேட்டைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்வேன். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி, நின்றுவிட்டால் கையைத் தளர்த்து. இத்தாலியின் ரூப்ஸ் நிறுவனம் வலம்வரும் வட்டத்தில் 15, 21 மில்லிமீட்டர் வீச்சுள்ள பிக்ஃபுட் மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு, டூயல் ஆக்‌ஷனில் வெட்டு, அதாவது தேய்த்தெடுக்கும் திறன், போதாது என்ற பழைய பேச்சு பெரிதும் அடங்கிவிட்டது.

டூயல் ஆக்‌ஷன் இருந்தால் சாயம் எரியவே எரியாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்ற பல்சக்கர மெஷின்களில் 8 மில்லிமீட்டர் வீச்சுதான், ஆனால் பேட்டைக் கட்டாயமாகச் சுழற்றும். அழுத்தினாலும் அது நிற்காது. மைக்ரோஃபைபர் பேட் மாட்டிய சாதாரண டூயல் ஆக்‌ஷனும் சூடேறும். மென்மையான கிளியர் கோட்டில் மங்கலான மூட்டம் விட்டுப்போவதும் உண்டு. அதற்கு மெல்லிய ஃபோம் பேட்டும் நுண்ணிய போலிஷும் வைத்து இன்னொரு சுற்றுப் போக வேண்டும்.

ரோட்டரியை நான் பழிக்கவில்லை. மறுசாயம் அடித்த தகட்டில் ஆரஞ்சுத்தோல்போன்ற சொரசொரப்பை 2,000, 3,000 எண் உப்புத்தாளால் தேய்த்த பிறகு, அந்தத் தடத்தை வேகமாக எடுக்க அதற்கு இணை குறைவு. படகின் ஜெல் கோட், கெட்டியான கிளியர் கோட், குறுகலான இடங்கள் என்று அதற்கே உரிய வேலைகள் இருக்கின்றன. அதிர்வும் குறைவு. கை தேர்ந்தவர் ரோட்டரியாலேயே ஹோலோகிராம் இல்லாமல் முடிப்பார். ஆனால் அந்தக் கை பல ஆண்டு உழைப்பில் வருவது. நல்ல கடைகள் இரண்டையும் வைத்திருக்கின்றன. ஆழமான வேலைக்கு ரோட்டரி, முடிப்பதற்கு டூயல் ஆக்‌ஷன்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நண்பகலில் வெளியே நின்ற கறுப்புக் காரின் போனட்டில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தத் தகட்டின் மேல் மெஷினை வைத்தால் காம்பவுண்ட் உடனே காய்ந்து பொடியாகும், உராய்வுச் சூடும் ஏற்கெனவே உள்ள சூட்டின் மேல் ஏறும். நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு ஆறிய பிறகே தொட வேண்டும். கழுவிவிட்டு அப்படியே தேய்ப்பதும் தப்பு. தொழிற்பேட்டைக் காற்றிலும் பிரேக்கிலிருந்தும் வரும் இரும்புத் துகள்கள் சாயத்தில் குத்தி நிற்கும். இதற்கென்றே விற்கும் களிமண் கட்டியால் அவற்றை எடுக்காவிட்டால் பேட்டில் ஏறிக்கொண்டு புதிய கீறல்களைப் போடும். பிறகு இரண்டடிச் சதுரத்தில் ஒரு சோதனை. மென்மையான பேட், மென்மையான போலிஷ், டூயல் ஆக்‌ஷன். அது போதவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே அடுத்த படி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. போலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவைத்து, சில முறை கழுவிய பிறகு காட்டிக்கொடுக்கும்.

பேட்டில் காரின் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பது எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். கிளியர் கோட் உள்ள சிவப்புக் காரில் வெள்ளை பேட் சிவப்பாக மாறினால், மேல்பூச்சு போய்விட்டது என்று பொருள். அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுக் கார்களில் நிறம் ஏறுவது இயல்பு. 1985-இல், பினாங்குப் பாலம் திறந்த அதே ஆண்டில், முதல் புரோட்டோன் சாகா வந்தது. அந்தக் காலத்துக் காரை அப்பாவின் நினைவாக இன்னும் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. இத்தனை ஆண்டுகளில் எத்தனை கைகள் அதைத் தேய்த்தனவோ, எந்தத் தகட்டுக்கு மறுசாயம் அடித்தார்களோ. அப்படிப்பட்ட காரை அளக்காமல் தொடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கதவில் 90, பக்கத்துக் கதவில் 300 என்று மீட்டர் காட்டும்போது காரின் முழு வரலாறும் கண்முன் வந்துவிடும்.

இப்போது எல்லாரும் செராமிக் கோட்டிங் கேட்கிறார்கள். கோட்டிங் கண்ணாடிபோல் தெளிவானது. அடியில் ஹோலோகிராம் இருந்தால் அதையும் பூட்டிவைக்கும். அதை எடுக்கக் கோட்டிங்கையே தேய்த்தெடுக்க வேண்டிவரும். கோட்டிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்கு முன்னால் செய்யும் மெருகேற்றலுக்குத்தான் போக வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்ற விளம்பரத்தைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்.

உழைக்கும் கைகளைப் பற்றியும் பேச வேண்டும். டூயல் ஆக்‌ஷன் காருக்கு நல்லது, ஆனால் அதன் அதிர்வு மணிக்கட்டுக்கு நல்லதல்ல. நாள் முழுக்கப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டு நெறியாணைப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீட்டர்/விநாடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இங்கே மலேசியாவில், திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. சின்னக் கடை என்று ஒதுங்க முடியாது. முகக்கவசம், கண்ணாடி, இடையிடையே ஓய்வு, கழுவும் ஈரத்தரையில் மெஷின் வயர் கிடக்காமல் தோள்மேல் போட்டுக்கொள்ளும் பழக்கம், மின்கசிவுத் துண்டிப்பான் இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை.

கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக் கடையில் நசுங்கிய போனட்டும் கதவும் கிடைக்கும். இரண்டு வாங்கிப் போடுங்கள். பையன் அதில் வேண்டுமென்றே ஓரத்தை எரித்துப் பார்க்கட்டும், எவ்வளவு நேரத்தில் எரிகிறது என்று அவன் கை உணரட்டும். ஆறு மாதம் டூயல் ஆக்‌ஷனில் பழகி, மீட்டரைப் படிக்கத் தெரிந்த பிறகு ரோட்டரியைத் தொடட்டும். தொழிலை முறையாகக் கற்ற பையன் நாளை சொந்தக் கடை போடுவான்.

வாசகர்களுக்கும் ஒன்று. கீறலில் பெரும்பகுதி கழுவும்போதும், தூசியோடு கோழி இறகுத் துடைப்பானால் தட்டும்போதும் வருகிறது. அதை நிறுத்தினாலே அடிக்கடி போலிஷ் தேவைப்படாது. தீபாவளிக்கு முன் காரைக் கொடுக்கும்போது, எந்த மெஷினில் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கனத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். காரை மாலை வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அளந்து காட்ட மறுக்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.