காரின் பெயரும் பயணிப்போரின் உயிரும்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. அதன் பின்னர், எந்தக் காரை வாங்குவது என்ற கேள்வி எமது நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் பிரதான பேசுபொருள்களில் ஒன்றாக மீண்டும் மாறியிருக்கின்றது. டொயோட்டாவா, ஹொண்டாவா, சுசுகியா, அல்லது புதிதாக வந்திறங்கும் சீன மின்சாரக் கார்களா என்று கார்ப் பிரியர்கள் ஓயாது விவாதிக்கின்றனர். விலை, எரிபொருள் சிக்கனம், உதிரிப்பாகங்கள் என்பன அலசப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மீள விற்கும்போது என்ன விலை போகும் என்பது அலசப்படுகின்றது. அக்காரில் பயணிப்போரின் உயிருக்கு என்ன உத்தரவாதம் என்பது மாத்திரம் அபூர்வமாகவே கேட்கப்படுகின்றது.

எமது மக்கள் ஜப்பானிய வாகனங்கள் மீது கொண்டுள்ள நம்பிக்கையை வெறும் பெயர் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கு ஒரு கார் கைமாறிக் கைமாறி இருபது, முப்பது வருடங்கள் ஓட வேண்டியிருக்கின்றது. பழுதடைந்தால் ஊரிலேயே திருத்துவதற்கு ஆளும், கடையிலே உதிரிப்பாகமும் கிடைக்கக்கூடிய வாகனத்தையே மக்கள் விரும்புவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டி நோயாளரையும் பயணிகளையும் ஏற்றி இறக்கிய யாழ்ப்பாணத்துக்கு, ஒரு வாகனத்தின் பெறுமதி அதனைத் திருத்தி ஓட்ட முடிவதிலேயே தங்கியுள்ளது என்பதை யாரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

எனினும், இன்றைய சந்தையில் காரின் பெறுமதியைத் தீர்மானிப்பது அதன் தரத்திலும் பார்க்க அரசின் வரிக் கொள்கையே ஆகும். சுங்கத் தீர்வை, இயந்திரக் கொள்ளளவின்படி அறவிடப்படும் உற்பத்தித் தீர்வை, சொகுசு வரி என ஒன்றன்மேல் ஒன்றாக விதிக்கப்பட்டு, அவற்றையும் சேர்த்த தொகை மீது 18 சதவீத பெறுமதி சேர் வரியும் அறவிடப்படுகின்றது. பல வாகனங்களில் வரித் தொகை, வாகனத்தின் இறக்குமதிப் பெறுமதியையே விஞ்சி நிற்கின்றது. இயந்திரம் சிறிதானால் வரி குறையும் என்பதனாலேயே 1000 சீ.சீ.க்கு உட்பட்ட கார்கள் எமது வீதிகளை நிறைத்தன. கலப்பின வாகனங்களுக்குச் சலுகை அளிக்கப்பட்ட காலங்களில் அவையே குவிந்தன. மக்கள் தமக்குப் பொருத்தமான காரைத் தெரிவு செய்தனர் என்பதை விட, வர்த்தமானி தெரிவு செய்து கொடுத்ததை அவர்கள் வாங்கினர் என்பதே பொருந்தும்.

தடை நிலவிய ஐந்து வருடங்களில் பலர் வாங்கிய விலையிலும் பார்க்கப் பல இலட்சம் ரூபா கூடுதலாகத் தமது கார்களை விற்றனர். தேய்மானம் அடைய வேண்டிய ஒரு பொருள், காணியையும் தங்கத்தையும் போன்ற முதலீடாக மாறியது. ஒரு பொருள் முதலீடாகிவிட்டால், அதன் குறையை வெளியிட விற்பவரும் விரும்பார், தோண்டிப் பார்க்க வாங்குபவரும் துணியார். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைத் திருத்திக் குறைத்தல், விபத்துக்குள்ளான வாகனத்தைப் பூசி மெழுகி விற்றல் போன்ற மோசடிகள் தழைப்பது இத்தகைய சூழலிலேதான். 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் குறித்தும் வாங்குவோர் இதே விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பெரிய பெயர் என்பது எப்போதும் உத்தரவாதமாகிவிடாது என்பதற்கு உலக மோட்டார்த் தொழிற்றுறையே சாட்சி கூறுகின்றது. புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளைச் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் பொருத்தியதாக ஜேர்மனியின் வொக்ஸ்வகன் நிறுவனம் 2015 இல் ஒப்புக்கொண்டது. டொயோட்டாவுக்கு முழுமையாகச் சொந்தமான டைஹற்சு நிறுவனம், பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடுகள் செய்திருந்தமை 2023 டிசம்பரில் அம்பலமாகியது. சம்பந்தப்பட்ட 64 மாதிரிகளில் டொயோட்டாவின் பெயரில் விற்கப்பட்டவையும் அடங்கியிருந்தன.

இவற்றை விட எமக்கு நெருக்கமான ஆபத்து, ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப் பைகள் ஆகும். அவற்றை விரியச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் நிலை குலைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, உலோகத் துண்டுகளை உள்ளே இருப்பவர் மீது வீசக்கூடியது. உலகெங்கும் சுமார் 10 கோடி காற்றுப் பை ஊதிகள் மீளப் பெறப்பட வேண்டியவையாக அறிவிக்கப்பட்டன. அந்நிறுவனம் 2017 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. எம்மைப் போன்றே வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மலேசியாவிலும் இதனால் உயிர்கள் பலியாகின.

முகவர் நிறுவனம் விற்ற காரின் உரிமையாளரைத் தேடி அறிவித்தல் கடினமன்று. ஆனால் ஜப்பானிய ஏலத்தில் வாங்கப்பட்டு, தனியார் இறக்குமதியாளர் மூலம் வந்து, மூன்று நான்கு பேரிடம் கைமாறிய காரின் இன்றைய உரிமையாளரை அந்த அறிவித்தல் எவ்வாறு சென்றடையும்? எமது நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இவ்வழியில் வந்தவையே. மீள்விற்பனைப் பெறுமதியை விரல் நுனியில் வைத்திருக்கும் கார்ப் பிரியர்களில் எத்தனை பேர் தமது காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு இதனைச் சரிபார்த்திருக்கின்றனர்?

மின்சாரக் கார்களின் வருகை இந்நிலைமையை மேலும் சிக்கலாக்கியிருக்கின்றது. 2025 ஆம் ஆண்டில் மின்கலக் கார் விற்பனையில் சீனாவின் பி.வை.டி. நிறுவனம் அமெரிக்காவின் டெஸ்லாவை முந்திவிட்டது. இம்மாற்றத்துக்கு நாம் கதவடைக்க முடியாது. அடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும், மோட்டாரின் கிலோவாட் வலுவை அளவிடுவது தொடர்பாக 2025 இல் சுங்கத்தில் எழுந்த தகராறு நீதிமன்றம் வரை சென்றமை, புதிய தொழில்நுட்பத்துக்கு எமது அரச இயந்திரம் எவ்வளவு தூரம் ஆயத்தமாயுள்ளது என்பதைக் காட்டியது. மின்கலத்தின் ஆயுள், அதன் மாற்றுச் செலவு, பழைய மின்கலங்களை அகற்றும் முறை என்பன பற்றித் தெளிவான விதிகள் இன்றி, வரியை மாத்திரம் அறவிடுவது பொறுப்பான ஆட்சியாகாது.

இக்கார்களில் கணிசமானவை கையில் உள்ள பணத்தால் வாங்கப்படுபவை அல்ல. சிலர் லீசிங் முறையிலும், வேறு சிலர் வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையிலும் பெறுகின்றனர். முறை எதுவாயினும் மாதாந்தத் தவணை பல வருடங்களுக்குக் குடும்பத்தின் கழுத்தில் தொங்குகின்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்த முடியாதென அறிவித்த நாட்டில், செலாவணியைக் காப்பதற்காகக் கட்டுப்பாடுகள் அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பில் பெரும் பங்கை வரியாகப் பெற்றுக்கொள்ளும் அரசு, அக்குடும்பம் வாங்கும் பொருளின் பாதுகாப்பை உறுதி செய்யும் கடமையிலிருந்து விலகி நிற்க முடியாது.

இதற்குப் புதிய திணைக்களங்கள் தேவையில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒவ்வொரு வாகனத்தின் அடிச்சட்ட இலக்கமும் இருக்கின்றது. மீளப் பெறப்பட வேண்டிய வாகனங்களின் பட்டியல்களை உற்பத்தியாளர்கள் வெளியிடுகின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது உரிமையாளருக்கு அவரது மொழியிலேயே அறிவிக்கலாம். ஏல அறிக்கையில் உள்ள ஓடிய தூரத்தை முதற் பதிவிலேயே குறித்து வைத்தால், மானியைத் திருத்துவோரின் வேலை எளிதில் நடவாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இதில் அக்கறை செலுத்த வேண்டும்.

வாங்குவோருக்கும் பொறுப்புண்டு. காரை விற்கும் நாளைப் பற்றிச் சிந்திப்பது போலவே, அதில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நாட்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மீள்விற்பனையில் இழக்கும் சில இலட்சங்களை மீண்டும் உழைத்துக்கொள்ளலாம், உயிரை அவ்வாறு ஈட்டிக்கொள்ள முடியாது. இதனை உணர்ந்து உரியவர்கள் காலம் தாழ்த்தாது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.