பாலத்தில் நடந்த சாதகம்



கச்சேரிக்குக் கூட்டம் சேர்கிறது, இசைத்தட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன, விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். அந்த நேரத்தில், தன் வாசிப்பு தன் காதுக்கே போதவில்லை என்று மேடையை விட்டு இறங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 1959ஆம் ஆண்டு, 28 வயதில், அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் அப்படி இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் மேடை ஏறவே இல்லை. இந்த மாதம் உங்களோடு அவரைப் பற்றித்தான் பேச ஆசை.

1930இல் நியூயார்க்கில் பிறந்து, கறுப்பின மக்களின் கலைகள் தழைத்த ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். பெற்றோரின் பூர்வீகம் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகள். அம்மா பாடிக் கேட்ட தீவுப் பாட்டு ஒன்று பின்னாளில் ‘செயின்ட் தாமஸ்’ என்ற பெயரில் அவருடைய மிகப் புகழ்பெற்ற வாசிப்பாயிற்று. டெனர் சாக்ஸஃபோனை ஜாஸ் இசையில் தலைநிமிரச் செய்த கோல்மன் ஹாக்கின்ஸ் அதே வட்டாரத்தில் குடியிருந்தார். அவருடைய புகைப்படத்தோடு அவர் வீட்டு வாசலில் கையெழுத்துக்குக் காத்து நின்ற பையன்களில் சோனியும் ஒருவர்.

இருபது வயதுக்குள் பெரிய கலைஞர்களோடு வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தத் தலைமுறையைப் பிடித்த ஹெராயின் அவரையும் பிடித்தது. கொள்ளை வழக்கில் சிறைக்குப் போனார். அவர் தெய்வமாக நினைத்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் அதே போதைக்கு அடிமைதான். தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற வேதனை பார்க்கருக்கு உண்டு. 1953இல் ஓர் ஒலிப்பதிவில் இருவரும் சந்தித்தபோது, போதையை விட்டுவிட்டாயா என்று கேட்டார் பார்க்கர். விட்டுவிட்டேன் என்றார் சோனி. அது பொய் என்பது அன்றைக்கே பார்க்கருக்குத் தெரிந்துபோனது. அவர் முகம் வாடியதைப் பார்த்த சோனி, இதிலிருந்து மீண்டே தீருவது என்று முடிவெடுத்தார். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் தானே போய்ச் சேர்ந்தார். குணமாகித் திரும்பி, ‘இதோ பாருங்கள்’ என்று பார்க்கர் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குள், 1955 மார்ச்சில், பார்க்கர் இறந்துவிட்டார். இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு எப்போதும் சற்று நேரம் பிடிக்கும்.

சிகிச்சை முடிந்ததும் சிகாகோவில் துப்புரவு வேலை பார்த்தார். இரவு விடுதிகளுக்குத் திரும்பினால் பழைய சகவாசமும் திரும்பும் என்ற பயம். பிறகு மெல்லத் துணிந்து, டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் இருவரும் நடத்திய குழுவில் சேர்ந்தார். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாமல் உச்சத்தில் வாசிக்க முடியும் என்பதற்குப் பிரவுன் கண்முன் சாட்சியாக இருந்தார். 1956 ஜூன் 22 அன்று சோனியின் ‘சாக்ஸஃபோன் கொலாசஸ்’ இசைத்தட்டு பதிவானது. நான்கே நாளில், 25 வயதுப் பிரவுன் கார் விபத்தில் போய்விட்டார்.

அந்த இசைத்தட்டு சோனியை உயரத்தில் ஏற்றிவைத்தது. அதிலுள்ள ‘புளூ செவன்’ வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சிறு பிடியிலிருந்து முழு மனோதர்மத்தையும் அவர் எப்படிக் கட்டி எழுப்புகிறார் என்று இசையறிஞர் கந்தர் ஷுல்லர் விரிவான கட்டுரையே எழுதினார். வெளியே புகழ் ஏற ஏற, உள்ளே சோனிக்கு நிறைவு குறைந்தது. தன்னைப் பற்றிச் சொல்லப்படும் அளவுக்குத் தான் வாசிக்கவில்லை என்று பட்டது. மேடையை விட்டு இறங்கியது அதனால்தான்.

மன்ஹாட்டனில் அவர் இருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி. நாளெல்லாம் அங்கே சாக்ஸஃபோன் ஊத அவருக்கு மனம் வரவில்லை. நடந்துபோகும் தூரத்தில், கிழக்கு ஆற்றின் மேல் வில்லியம்ஸ்பர்க் பாலம். வாகனங்களுக்கும் ரயில்களுக்கும் மேலே, ஆள் அதிகம் வராத ஒரு நடைபாதை. அங்கே போய் வாசித்தார். கோடையிலும் வாசித்தார், பனியிலும் வாசித்தார். சில நாட்களில் பதினைந்து மணி நேரம்வரை சாதகம். கீழே போகும் படகு ஊதினால் அதற்கும் இவர் கருவி பதில் சொல்லும். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே கேட்க வேண்டுமென்றால் மூச்சு வலுத்தாக வேண்டும், வலுத்தது.

1961இன் கடைசியில் மேடைக்குத் திரும்பினார். 1962இல் ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டு வந்தது. அடியோடு மாறிய ஒரு சோனியை எதிர்பார்த்த விமர்சகர்கள் சிலர், பழைய பாணிதானே என்று ஏமாந்தார்கள். எனக்கோ அங்கேதான் அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. அவர் பாலத்துக்குப் போனது புதுமை தேடி அல்ல. நாதத்தைச் சீர்செய்து, தன் காதுக்கு நேர்மையாக இருக்கப் போனார். ஜிம் ஹாலின் கிடாரோடு அவர் பேசுவதைப் போன்ற அந்த வாசிப்பில் எங்குமே அவசரம் இல்லை.

தேடல் அதோடு நிற்கவில்லை. 1960களின் இறுதியில் பம்பாய் வந்து, பொவாய் பகுதியில் உள்ள ஓர் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி யோகமும் தத்துவமும் கற்றார். இன்னொரு நீண்ட ஓய்வும் எடுத்தார். மனைவி லூசில் அவருடைய தொழில் முழுவதையும் கவனித்துக்கொண்டார். 2001 செப்டம்பர் 11 அன்று தாக்கப்பட்ட உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளித்தான் சோனியின் வீடு இருந்தது. சாக்ஸஃபோனோடு அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர், நான்கு நாள் கழித்துப் பாஸ்டனில் வாசிக்க மனமில்லாமல் இருந்தார். போகத்தான் வேண்டும் என்று லூசில் வற்புறுத்த, போய் வாசித்தார். அந்தக் கச்சேரி பின்னாளில் இசைத்தட்டாக வந்தது, அதிலுள்ள ஒரு வாசிப்பு கிராமி விருதும் பெற்றது. 2012இல் கடைசி மேடை. அதன்பிறகு நுரையீரல் நோய் கருவியைக் கீழே வைக்கச் செய்தது.

ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் முதலில் ‘செயின்ட் தாமஸ்’ கேளுங்கள். தாளமே கையைப் பிடித்து அழைத்துப்போகும். அப்புறம் ‘புளூ செவன்’, அதற்குப் பிறகு ‘தி பிரிட்ஜ்’. பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வீட்டில் இசை கற்கும் பிள்ளை இருந்தால் அரங்கேற்றத்துக்கு நீங்களாக நாள் குறிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் சாதகம் செய்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளை சொன்னால், விட்டுவிடுங்கள்.

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்