21 புள்ளியும் ஒரு புள்ளியும்



எங்கட வீட்டில் 1971 அடிக்கடி வரும். அந்த ஆண்டு பேராதனையில் மருத்துவம் படிக்க, சிங்களத்தில் சோதனை எழுதியவருக்கு 400க்கு 229 புள்ளி போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேணும். அந்த 21 புள்ளிதான் பெரியப்பாவின்ர வாழ்க்கையைத் திருப்பினது எண்டு அப்பா சொல்லுவார். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் இருக்கு.

அதே அப்பா, எனக்கு எட்டு வயசில் சனிக்கிழமை காலையில் இலெவன் பிளஸ் ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டார். நாங்கள் குறிவைத்த கிராமர் பள்ளி, புள்ளி வரிசைப்படி மேலிருந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வரும். இடம் முடிந்ததும் கதவு மூடும். நான் உள்ளே. பக்கத்துக் கதிரையில் இருந்து படித்த சிநேகிதி வெளியே. இடையில் ஒரேயொரு புள்ளி. எனக்குத்தான் மூளை கூட எண்டு வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இப்போது முதுகலையில் புள்ளியியல் படிக்கிறேன். எந்தச் சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே பிள்ளை அடுத்த கிழமை எழுதினால் சில புள்ளி கூடும், அல்லது குறையும். ஒரு புள்ளி திறமையைச் சொல்லாது. முதல்நாள் இரவு யார் நன்றாக நித்திரை கொண்டார், யார் வீட்டில் ரியூசனுக்குக் காசு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லும். இங்கிலாந்தில் இன்னும் 163 கிராமர் பள்ளிகள் உள்ளன. அங்கே இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள், மற்ற அரச பள்ளிகளோடு பார்த்தால் மிகக் குறைவு.

அதனால்தான் பேர்மிங்காம் போன்ற இடங்களில் சில கிராமர் பள்ளிகள் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைந்த புள்ளியில் இடம் தருகின்றன. இந்தச் செய்தியைப் பகிர்ந்தபோது குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா எழுதினார்: "இதுவும் தரப்படுத்தல்தானே?"

இல்லை மாமா. 1971இல் அரசு பிள்ளையின் மொழியைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. இங்கே பார்ப்பது பிள்ளை ஓடத் தொடங்கிய இடத்தை. இன்னொன்று: இலெவன் பிளஸில் வயதுக்கேற்பப் புள்ளியைத் திருத்துவார்கள், ஆகஸ்டில் பிறந்த பிள்ளை பின்தங்கக் கூடாது என்று. அதன் பெயரும் தரப்படுத்தல்தான். அதை எங்கட ஆக்கள் ஒருத்தரும் எதிர்க்கேல்லை. பதினொரு மாத வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கலாம், வருமான வித்தியாசத்தை எடுத்தால் மட்டும் 'தகுதி' கெட்டுவிடுமா?

சலுகைப் புள்ளியோடு எங்கட கோரிக்கை நிற்கக் கூடாது. 1998 சட்டம் புதிய கிராமர் பள்ளிகளைத் தடுத்தது, பழையதைத் தொடவில்லை. பத்து வயதில் பிள்ளைகளைப் பிரிக்கும் சோதனையே போகவேணும். எல்லாப் பிள்ளைக்கும் நல்ல பள்ளி பக்கத்துத் தெருவில் வேணும்.

இதை முதலில் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசுவோம். பெரியப்பாவுக்கு நடந்தது அநீதி எண்டால், அதிலிருந்து நாங்கள் படிக்கவேண்டியது 'இன்னும் 21 புள்ளி கூட எடு' என்பதல்ல. எல்லைக்கோட்டை யார், யாருக்காகப் போடுகிறார்கள் என்று கேட்பதுதான்.