பெயர் மாறிற்று, மருந்து அட்டை மாறவில்லை

டயபிற்றிஸ் இன்சிபிடஸ் என்ற பெயரைக் கைவிடுமாறு சர்வதேச அகஞ்சுரப்பியியல் சங்கங்களின் கூட்டுக்குழு 2022இல் பரிந்துரைத்தது. மைய வகை இனி ஆர்ஜினின் வாசோபிரெசின் குறைபாடு. சிறுநீரக வகை அதே ஓமோனுக்கான எதிர்ப்பு. இவ்விதழ் இதை ஏற்கிறது. பழக்கப்படும்வரை பழைய பெயரையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

ஆனால் காரணத்தைத் தேடும் வேலை பெயரோடு முடிவதில்லை. 'குறைபாடு' என்று எழுதி எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடுபவர் ஜெர்மினோமாவைத் தவறவிடுவார். 'எதிர்ப்பு' என்பவர் லிதியம், கல்சியம், பொற்றாசியம் மூன்றையும் பார்த்தாக வேண்டும். கர்ப்பத்தில் வாசோபிரெசினைச் சிதைப்பது சூல்வித்தக நொதியம். டெஸ்மோபிரெசின் அதற்கு மசியாது. கண்ணாடி விரியன் கடிக்குப் பின்னான கபச்சுரப்பிச் செயலிழப்பு இலங்கையிலிருந்து முதன்முதலாக 2011இல் ஆய்விதழொன்றில் வெளியாயிற்று. அதில் பெரும்பாலும் முன்மடலே பாதிக்கப்படும். எனினும் கோட்டிசோல் குறைந்திருக்கும்வரை பின்மடல் குறைபாடு மறைந்தே கிடக்கும். ஹைட்ரோகோட்டிசோன் தொடங்கிய பிறகு சிறுநீர் பெருகினால் அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் பின்னால் மரணங்களும் உண்டு. 2009இல் லண்டனில் இடுப்பு மூட்டு மாற்றச் சத்திரசிகிச்சைக்கு வந்த 22 வயது இளைஞர், டெஸ்மோபிரெசின் கிடைக்காமல், தண்ணீர் கேட்டுப் பொலிஸாரைத் தொலைபேசியில் அழைத்து, நீரிழப்பால் இறந்தார். 2016 பெப்ரவரியில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இம்மருந்தைத் தவறவிடுவது குறித்து நாடளாவிய எச்சரிக்கை விடுத்தது. 1034 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், தங்கள் நோயைச் சீனி வருத்தமாக மருத்துவப் பணியாளர்களே குழப்பியதாக 80 வீதமானோர் கூறினர்.

சீனன்குடாச் சந்தியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையடிபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சை வெளியூரில், கிளினிக் புத்தகத்தில் 'டி.ஐ.' என்ற இரண்டெழுத்து. பின்னொரு நாள் காய்ச்சலோடு ஊர் வைத்தியசாலை விடுதிக்கு வருகிறார். குளுக்கோமீற்றர் 96 காட்டுகிறது. சீனி இல்லை என்று மருந்து வெட்டப்பட்டால், மறுநாள் சோடியம் எங்கே நிற்கும்?

கொழும்பிலிருந்து சுற்றறிக்கைகளுக்குக் குறைவில்லை. படிவங்கள் வருகின்றன, மீள்படிவங்கள் வருகின்றன. அரிய நோய்க்குக் கையிருப்பும் அரிதாயிருக்கலாம் என்பது கணக்காளர் வாதம். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் மாவட்டங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வாதத்தைக் கேட்கப் பொறுமை எவருக்கும் இல்லை.

சுகாதார அமைச்சு டெஸ்மோபிரெசினைத் தவறவிடக்கூடாத மருந்தாக அறிவிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு விடுதியும் அதை மருந்து அட்டையில் சிவப்பு மையில் எழுதட்டும்; நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைக்கட்டும்; சோடியத்தை நாள்தோறும் பார்க்கட்டும்.