தெர்மோகோல் தாஜ்மகாலும் நம் பிள்ளைகளின் கைகளும்

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'பிராஜெக்ட்' என்றால் இன்று என்ன அர்த்தம்? ராத்திரி எட்டு மணிக்கு அப்பா கடைக்கு ஓடுவது. சார்ட் பேப்பர், ஃபெவிகால், பிளாஸ்டிக் புல்தரை, அச்சடித்த படங்கள் எல்லாம் வந்து சேரும். பத்து மணிக்கு அம்மா வெட்டுவாள், அக்கா ஒட்டுவாள், பிள்ளை தூங்கிப் போயிருக்கும். மறுநாள் பள்ளியில் ஏ கிரேடு. யாருக்கு ஏ கிரேடு? அம்மாவுக்கா, ஸ்டேஷனரி கடைக்காரருக்கா?

இதில் இன்னொரு கூத்து. அலங்காரத்துக்கான தெர்மோகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும் தெர்மோகோல் தாஜ்மகால் இல்லாத பள்ளிக் கண்காட்சி உண்டா சொல்லுங்கள். தலைப்பு மட்டும் 'சுற்றுச்சூழலைக் காப்போம்'!

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஓவியம் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஆனால் கணக்கு பார்க்கத் தெரியும். வெறும் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டரை யாரும் ஏமாற்றலாம், வவுச்சரைக் கேட்கிறவனை ஏமாற்றுவது கஷ்டம். நம் பள்ளிகளில் கலைப் பாடத்துக்கு நடப்பது பேலன்ஸ் ஷீட் தணிக்கை. முடிந்த பொருள் பளபளவென்று இருந்தால் போதும். பிள்ளை என்ன யோசித்தது, எத்தனை தடவை தப்பாக வெட்டியது என்று கேட்பார் கிடையாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும், உடற்கல்விக்கும், கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும். கவனியுங்கள், பகுதிநேரம்தான். அதுவும் 100-க்கு மேல் இருந்தால்தான். அப்படியென்றால் 80 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அந்த 80 பேருக்கும் கை கிடையாதா? கேரளத்தில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். எண்ணிக்கை குறைந்தால் முதலில் காணாமல் போவது டிராயிங் மாஸ்டர்தான்.

தமிழ்நாடு மட்டும் என்ன வாழ்கிறது? 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தையல் என்று நியமித்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2023-ல் 12,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு எத்தனை போராட்டம்! தன் வேலையே தற்காலிகம் என்று இருக்கிற மனிதரிடம் பிள்ளைக்கு நிரந்தரமாய் ஒரு ரசனையைக் கற்றுக்கொடு என்றால் எப்படி?

"எங்கள் கேரளத்தில் கலோத்சவம் இருக்கிறதே" என்பார்கள் மலையாள நண்பர்கள். 1957 முதல் நடக்கிறது, 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது போட்டி. மேடை ஏறுகிறவர் சிலர், கை தட்டுகிறவர் பலர். வகுப்பில் 35 பேர் இருந்தால் 34 பேரைப் பார்வையாளராக்கும் ஏற்பாட்டுக்குக் கலைக் கல்வி என்று பெயர் வைக்கக்கூடாது.

இதே ஊருக்கு 1862-ல் பதினான்கு வயதுப் பையனாக வந்தவர்தான் ரவிவர்மா. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ணம் சொல்லித்தர மறுத்தார், அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாய்ச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. திறமை இருந்தால் தானாக வரும் என்பதற்கு இந்தக் கதையை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு. அந்தப் பையனுக்கே ஒரு ஆறுமுகம் பிள்ளை தேவைப்பட்டார். தவிர, பள்ளிக்கூடம் ரவிவர்மாக்களைத் தயாரிக்கும் ஃபாக்டரி அல்ல. கணக்குப் பாடம் ராமானுஜன்களுக்காகவா நடக்கிறது?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? சாலைத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து, ஓடுகிற சந்தை. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை கலைப் பாடத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கிடக்கிறது. ராத்திரி கடை சாத்தும்போது வெளியே எறிகிற அட்டைப்பெட்டி, சாக்கு, சணல். ஆற்றுகால் பொங்கலைக்குக் குவியும் மண்பானை. பூக்கடையில் தோவாளைப் பூ. அந்தத் தோவாளையின் மாணிக்கமாலை அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துப் பாய் போலக் கட்டுவது. 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. ஒரு மாலை கட்டுகிறவரை வகுப்பில் உட்கார வைத்தால் சமச்சீரும் வடிவக் கணிதமும் ஒரு மணி நேரத்தில் விளங்கும்.

ஆறு வாரத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். வாரம் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுங்கள். முதல் வாரம் தெருவில் நடந்து, ஆளுக்கொரு பழைய கடையைப் பார்த்துப் பென்சிலில் வரையட்டும். இரண்டாம் வாரம் அளவு. ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு அடி முகப்பு பன்னிரண்டு சென்டிமீட்டர். விகிதம் என்ற பாடம் அங்கேயே முடிந்தது. மூன்றாம் வாரம் அட்டையை வெட்டுவது. நெளிகோடு ஓடும் திசையில் மடித்தால் அட்டை ஒழுங்காக மடங்கும், குறுக்கே மடித்தால் நசுங்கும். இதை வாயால் சொல்லக்கூடாது, பிள்ளை நசுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் வாரம் மைதா பசை (மயில்துத்தம் சேர்க்க வேண்டாம், விஷம்). பசை அதிகமானால் அட்டை வளையும். ஐந்தாம் வாரம் முழுக்க ரிப்பேருக்கு. ஆறாம் வாரம் ஒவ்வொருவரும் தன் கடை பக்கத்தில் நின்று, எது சரியாக வரவில்லை, என்ன மாற்றினேன் என்று சொல்லட்டும். மார்க் அந்தப் பேச்சுக்கும் நோட்டுப்புத்தகத்துக்கும்தான். வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. அப்போதுதான் அம்மா தப்பிப்பாள்.

செலவு? மைதா, நூல், சில கத்தரிக்கோல். ஒரு தெர்மோகோல் தாஜ்மகால் விலையில் வகுப்பு முழுவதுக்கும் காணும்.

இனி பெரிய ஆட்சேபம். கைவேலை என்றாலே நம்மவருக்கு 1953 நினைவு வரும். ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தது, 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு நூறு சதவீதம் நியாயம். அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுகிற எதையும் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்பது அதற்கு நேர் எதிர். மளிகைக்கடை முதலாளி மகனும், சுமைதூக்குகிறவர் மகளும், குமாஸ்தா பிள்ளையும் ஒரே மேசையில் ஒரே மண்ணைப் பிசையட்டும். வீட்டில் அல்ல, பள்ளியில். குலத்துக்காக அல்ல, எல்லோருக்கும். கைவேலை 'அவர்கள்' செய்வது, படிப்பு 'நாம்' செய்வது என்ற புத்தி பன்னிரண்டு வயதிலேயே உடைய வேண்டாமா?

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரை எப்போதாவது பத்து நாள் 'பையில்லா நாட்கள்' என்கிறது. தச்சரிடமும் குயவரிடமும் போகலாமாம். மூன்று வருஷத்தில் பத்து நாள்! இது பாடமா, எக்ஸ்கர்ஷனா? எனக்கு வேண்டியது வாரா வாரம் எண்பது நிமிஷம்.

கடல் தாண்டி ஏசி அறையில் உட்கார்ந்து உபதேசம் சுலபம் என்பார்கள். சொல்லட்டும். வெளியூரில் இருக்கிற நாம்தான் பழைய பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும், நம் பெயர் பொறித்த கல்வெட்டும் வாங்கிக் கொடுக்கிறோம். அதே பணத்தை ஒரு டிராயிங் மாஸ்டரின் வருஷச் சம்பளத்துக்குக் கொடுக்கலாம். பி.டி.ஏ. கூட்டத்தில் யாராவது எழுந்து "இதைச் செய்தது பிள்ளையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். வியாபாரிகள் வாரம் ஒரு நாள் அட்டைப்பெட்டியைக் கட்டிப் பள்ளி வாசலில் வைக்கலாம்.

கோணலாய் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை செய்ததாய் இருக்கட்டும்.