ஐஸ் டீக்கு எதுக்குங்க பவுடர்?

பங்குனி வெயில் தலைகாட்டியதுமே கடைகளில் 'ஐஸ் டீ' பவுடர் பாக்கெட்டுகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. அட்டையில் பச்சைப்பசேலென்று புதினா, துளசி படம். 'கலர் சோடாவுக்கு இது எவ்வளவோ தேவலை' என்று நம் இல்லத்தரசிகளும் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள்.

தேவலையா? பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன். எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதைத்தான் பட்டியலில் முதலில் அச்சடிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இனிப்பு கலந்த பவுடர்களில் முதலில் நிற்பது பெரும்பாலும் சர்க்கரைதான். தேயிலையோ, கடைசிப் பந்தியில் உட்காரும் தூரத்துச் சொந்தம் மாதிரி எங்கேயோ பின்னால் இருக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது வாசனை போட்ட சர்க்கரை!

ஒரு நாளில் நமக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லதாம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 25 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். காலை காபி, பிஸ்கட்டிலேயே அதில் பாதி தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தை ஒரே டம்ளர் ஐஸ் டீயில் கரைத்துக் குடிக்க வேண்டுமா?

ஐஸ் டீ ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. 1879-ல் வெளிவந்த அமெரிக்க வர்ஜீனியா சமையல் புத்தகம் ஒன்றிலேயே செய்முறை இருக்கிறது. ஊறவைத்து வடிகட்டிய டீ, ஐஸ், சர்க்கரை, எலுமிச்சை, அவ்வளவுதான். மூலிகை சேர்ப்பது நம் கைவரிசை.

ஒரு லிட்டருக்குக் கணக்கு சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு தண்டு எலுமிச்சம்புல்லையும், தட்டிய இஞ்சி ஒரு துண்டையும் போட்டு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இவை இரண்டும் கொதித்தால்தான் சாறு இறங்கும். அடுப்பை அணைத்த பிறகு நான்கு டீஸ்பூன் இலைத் தேயிலை, ஒரு கைப்பிடி புதினா அல்லது துளசி போட்டு மூடுங்கள். புதினாவைக் கொதிக்க வைத்தால் மணம் சமையலறைக்கு, சக்கை நமக்கு! மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் கசக்கும். பால் ஊற்றாத டீயில் அந்தக் கசப்பை மறைக்க வழியில்லை. அதன் பிறகு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர் சேர்த்து, நன்றாக ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு வைத்தால் டீ கலங்கிப்போகும். கெடுதல் இல்லை, பார்க்க அழகாக இருக்காது. எலுமிச்சம்பழத்தைக் குடிக்கும்போது பிழிந்தால் போதும்.

டஸ்ட் டீ மட்டும்தான் வீட்டில் இருக்கிறதா? அளவைப் பாதியாக்கி, இரண்டே நிமிடத்தில் வடித்துவிடுங்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால் நீலகிரி இலைத் தேயிலை வாங்குங்கள். ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காமல் தெளிவாக நிற்பதால், ஐஸ் டீக்கென்றே பேர்போனது அது. நம்ம ஊர் மலையில் விளைவதை விட்டுவிட்டு எதற்கு பீச் பழ வாசனை?

தேயிலையைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைக்கும் 'சன் டீ' ஒன்று உண்டு. பார்க்க ஜோராக இருக்கும், எனக்குச் சம்மதமில்லை. வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிர, கிருமி சாகிற அளவு சூடாகாது. கிருமி பெருகத் தோதான சூடு அது. ஐஸ் கட்டி விஷயமும் இதேதான். உறைந்துபோனால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, டம்ளரில் கரைந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் இப்படியும் வரலாம். அதனால் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் ஐஸ். டீயையே ட்ரேயில் ஊற்றி உறைய வைத்தால் இன்னும் உத்தமம், கரையக் கரைய நீர்த்துப்போகாது. செய்ததை மறுநாளைக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் வெகுநேரம் ஓடவில்லையென்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சூடான டீ, ஜில் டீ என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மதியச் சாப்பாட்டோடு பெரிய டம்ளர் ஐஸ் டீ ஸ்டைலாக இருக்கலாம். முருங்கைக்கீரைப் பொரியலின் பலனில் பாதி அங்கேயே போயே போச்சு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். எலுமிச்சைச் சாறு இரும்பைச் சேர்க்க உதவும் என்பது நிஜம். அதற்காக டீயின் வேலையை அது முழுசாக ரத்து செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மாலை நாலரை மணிதான் இதற்கு நல்ல நேரம்.

'துளசி டீ குடிச்சா சுகர் இறங்கிடும்', 'இஞ்சி டீ குடிச்சா பி.பி. போயிடும்' என்று அக்கம்பக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு கைப்பிடி இலை மணம் தரும், நாக்குக்கு இதம் தரும். அதுவே பெரிய விஷயம் இல்லையா? நாட்டுச் சர்க்கரை, தேன் போட்டால் கணக்கில் சேராது என்கிற கதையும் வேண்டாம். அவையும் சர்க்கரைதான்.

வீட்டுக் குட்டிகளுக்குத் தேயிலையே வேண்டாம். அதிலுள்ள கஃபீன் அவர்களுக்குத் தேவையில்லாத சங்கதி. எலுமிச்சம்புல், புதினா மட்டும் போட்டு இறக்கி, ஆறியதும் எலுமிச்சை பிழிந்து, துளி உப்பும் அரை டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து அதே கண்ணாடி டம்ளரில் கொடுங்கள். டம்ளரும் ஐஸும் ஒன்றாக இருந்தால் 'எனக்கு மட்டும் ஏன் வேற?' என்ற சண்டையே வராது.